ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

ஜனவரி 11

அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம், அவ்வப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பதைத் தவிர. நீ, அத்தான், குட்டி எல்லோரும் சுகமா? கேட்டுவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

தாளில் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. ஆபீஸ் மெயிலை யாரோ படிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். போனில் பேசலாம் என்றால் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்று காது கொடுக்கிறாள்.

நீ விட்டுப்போன அதே ஆபீஸ், அதே மாடி. தண்ணீர் மெஷின் இன்னும் ஒழுகுகிறது. அத்தானும் இதைப் படிப்பார், அவருக்காகச் சொல்கிறேன். பல ஆஸ்பத்திரிகளின் நோயாளிகள் எங்கள் டேட்டாபேஸில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு வட்டம். உள்ளே பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, ஆகாத மருந்து. இன்னாருக்கு இன்னார் அம்மா, இன்னார் தம்பி என்பதெல்லாம் வட்டத்துக்கு வட்டம் கோடு. கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி, யாரைத் தொட்டாலும் சுற்றிச் சுற்றி இன்னொருவரிடம் போய் நிற்கும்.

இதன் அமைப்பில் நேராகக் கை வைக்கக் கூடாது. செய்ய வேண்டிய மாற்றத்தை ஒரு ஃபைலில் எழுதி, வரிசை எண் போட்டு வைக்க வேண்டும். கறுப்புத் திரையில் ஒரு கமாண்ட் அடித்தால் கருவி புதிய ஃபைலை மட்டும் ஓட்டும். எந்த எண், எந்த நாள், யார் சாவி (அதாவது யார் பாஸ்வேர்டு), ஃபைலின் கைரேகை என்ன என்று டேட்டாபேஸுக்குள்ளேயே குறித்துக்கொள்ளும். ஓடி முடிந்த ஃபைலில் பிறகு யாராவது ஒரு புள்ளியை மாற்றினாலும் கைரேகை ஒத்துப்போகாது. கருவி அடம்பிடித்து நின்றுவிடும்.

இங்கே அந்தச் சரிபார்ப்பை வருடக்கணக்காக அணைத்தே வைத்திருந்தார்கள். நான் போட்டேன். போட்ட கையோடு நின்றது. பதினேழாவது ஃபைல்.

ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் இரண்டு வட்டத்தையும் ஒன்றாக்கும் ஃபைல் அது. பெயரும் பிறந்த தேதியும் ஒன்று என்றால் ஆளும் ஒன்று. உள்ளே ஏதாவது வேறுபட்டால் பிந்திப் பதிந்தது நிற்கும், முந்தியது அழியும். ஓடியது உன் காலத்தில். ஓட்டிய சாவி பூட்டுடையது. ஆஸ்பத்திரிகள் பார்க்கிற லைவ் டேட்டாபேஸின் சாவியை ஒருத்தர் கையிலும் கொடுக்காத அந்த மனிதருக்கு அந்தப் பெயர் வைத்ததே உங்கள் செட்டு என்று கேள்வி. அவரிடம் போய்க் கேட்டேன்.

"அதை ஏம்ப்பா நோண்டுற? சரிபார்ப்பை அணைச்சிடு. வேலை ஓடும்."

"யாரோ மாத்தியிருக்காங்க சார்."

"நாலு வருஷமா ஓடுதுல்ல? ஓடட்டும்."

ஓடிய ஃபைலை மாற்றுகிறவன் ஒன்று முட்டாள், இல்லை திருடன். இவர் முட்டாள் இல்லை. உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது, எழுது.

தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குட்டிக்குச் சளி, அத்தானுக்கு ஓயாத வேலை. உன் கடிதம் நல்லவேளை என் கையில் கிடைத்தது. இனிமேல் அத்தானுக்காக விளக்கம் எழுதாதே. அவருக்கு இதெல்லாம் சலிப்பு.

பதினேழு எனக்கு ஞாபகமில்லை. வருடங்கள் ஆகிவிட்டன. பழைய ஃபைலை நீ தொடாதே. ஏதாவது மாற்ற வேண்டுமானால் புதிய எண்ணில் புதிய ஃபைல் எழுது. இந்த வேலைக்கு விதி அது ஒன்றுதான். அவர் விடச் சொன்னால் விட்டுவிடு. இடுப்பு வலியோடு உட்கார்ந்திருக்கிற மனுஷரைப் போட்டுக் குடையாதே.

அம்மாவின் வயிற்று வலியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். முதலில் டாக்டரிடம் கூட்டிப்போ. எந்த ஆஸ்பத்திரியானாலும் பென்சிலின் ஆகாது என்று வாயைத் திறந்து சொல்லு. அன்றைக்கு அவள் முகம் வீங்கி, மூச்சு முட்டிக் கிடந்ததை நான் பார்த்தவள். ஸ்கிரீனில்தான் இருக்குமே என்று இருந்துவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நலம். குட்டியின் சளி போயிருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். மார்ச் 13 ஆபரேஷன். எங்கள் டேட்டாபேஸில் உள்ள ஆஸ்பத்திரிதான். வாயால் சொல்லு, வாயால் சொல்லு என்கிறாய். நோயாளி வாயைத் திறக்க வேண்டாம் என்பதற்காகத்தானே நாங்கள் இங்கே உட்கார்ந்து மாரடிக்கிறோம்? நேற்று நானே பார்த்தேன். அம்மாவின் வட்டத்தில் மற்றதைப் பார்க்கவில்லை, தேடிய வரி மட்டும், 'பென்சிலின் ஆகாது' என்று பளிச்சென்று இருக்கிறது. நிம்மதியாக இரு.

பூட்டு விஷயம் பெரிதாகிக்கொண்டே போகிறது. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கீழே போனதும் அவர் மட்டும் ஜன்னலோர மேசைக்கு நகர்கிறார். ஒரு பக்கம் டிபன் டப்பா, இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரிகளின் பழைய நோயாளி அட்டைக் கட்டு. இரண்டு விரலால் தட்டுகிறார். நான் போனால் ஸ்கிரீனைத் திருப்பிவிட்டு, "சாப்பிட்டியா?" என்கிறார். இந்த ஆபீஸில் வேறு யாரும் என்னை அப்படிக் கேட்பதில்லை. அதுவே எனக்கு இடிக்கிறது.

அவர் சாவியில் என்னென்ன மாறியிருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். ஃபைல் இல்லை, எண் இல்லை, நேராக லைவில் கை. பதினேழு ஒன்றாக்கிய வட்டங்களை ஒவ்வொன்றாக இரண்டாக்கியிருக்கிறார். ஒரு ஆள் இரண்டு ஆள். இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி. இன்னொன்றைக் கேள், எல்லோருக்கும் ஜனவரி ஒன்று. போலி ஆள் தயார் பண்ணுகிறவனுக்குத் தேதி யோசிக்கக்கூடச் சோம்பல்.

பதினேழில் என்ன மாற்றம் என்பதும் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: பிறந்த தேதி ஜனவரி ஒன்று என்றால் ஒன்றாக்காதே. தன் போலிகளுக்குத் தானே வேலி. இல்லாத நோயாளிகளின் பெயரில் மருந்து வெளியே போகிறது என்பது என் கணக்கு.

கடைசியாக, அவருக்கு இடுப்பு வலி என்று உனக்கு யார் சொன்னது? அவரோடு பேசிக்கொண்டிருக்கிறாயா?

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

சுகம். என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்பது போலக் கேட்கிறாய். நான் வேலையை விடுகிற வாரமே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க ஆபீஸுக்கே வரவில்லை, படுத்த படுக்கை. அதனால் தெரியும். போதுமா?

அவர் அப்படிப்பட்டவர் இல்லை. இதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை. மேலாளரிடம் எதுவும் கொண்டுபோகாதே.

உனக்கு ஒரு கேள்வி. அம்மாவின் பிறந்த நாள் என்றைக்கு? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் அவளையே கேள்.

அக்கா


பிப்ரவரி 28

தம்பிக்கு,

உன் பதிலுக்காகக் காத்திருக்க முடியவில்லை. நலமா என்று கேட்கக்கூட இப்போது பொறுமையில்லை. போனில் சொன்னால் அம்மா காதில் விழும்.

ஜனவரி ஒன்று போலித் தேதி இல்லை. பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதிப் போட்ட தேதி. அம்மா வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு அதுதான். அம்மாவுக்கும் அதுதான். அவள் பெயரோ தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். அதே பெயர், அதே தேதியோடு இன்னொரு அம்மாள் இருக்கிறாள். அந்த அம்மாளுக்கு எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளும். பிந்திப் பதிந்தவளும் அவள்தான். இரண்டு வட்டமும் ஒன்றானால் எது நிற்கும் என்று உனக்கே தெரியும்.

பதினேழை எழுதியவர்கள் பிறப்புச் சான்றிதழ் கையில் வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள். அவர்களுக்கு இது தோன்றவே இல்லை. யார் எழுதினார்கள் என்று கேட்காதே. ஒட்டிப்போன ஆட்களைத்தான் அவர் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறார், பழைய அட்டையில் உள்ள விலாசத்தையும் வீட்டார் பெயரையும் பார்த்து. அவரைத் தடுத்துவிடாதே. எதையும் திரும்ப ஒட்டிவிடாதே.

ஆபரேஷனுக்கு முன்னால் ஊசி விஷயத்தை வாயால் சொல்லு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

நலம். ஆபரேஷனுக்கு வேண்டிய பரிசோதனை எல்லாம் முடிந்தது. உன் ஜனவரிக் கடிதத்துக்குப் பிறகு வந்தது பதினேழாம் தேதிக் கடிதம் மட்டும்தான். அதற்குப் பதில் இது. அம்மாவிடம் பிறந்த நாள் கேட்டேன்.

"நல்ல மழை பெஞ்ச அன்னிக்கு."

"எந்த வருஷம்?"

"மழை பெஞ்ச வருஷந்தான். போடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கேக்குறான்."

இதில் உனக்கு என்ன அவசரமோ தெரியவில்லை.

மேலாளரிடம் எல்லாவற்றையும் வைத்துவிட்டேன். நீ வேண்டாம் என்றாய். ஏன் என்று சொல்லவில்லை. காரணம் சொல்லாத பேச்சை நான் கேட்பதில்லை. நேற்றுக் காலை பூட்டைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சாவி என் கைக்கு வந்தது. அவர் கோபப்படவில்லை. அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி என் மேசையில் வைத்தார்.

"எதையும் ஓட்டிடாத. உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க."

"அவளை எதுக்கு இழுக்குறீங்க?"

"இழுக்கல. கேட்டுக்கன்னுதான் சொல்றேன்."

உன்னைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறார். பொறுக்கச் சொல்கிறவன் எதையோ ஒளிக்கிறான் என்று அர்த்தம். நான் பொறுக்கவில்லை. பழைய ஃபைலைத் தொடாதே, புதிய எண்ணில் எழுது என்று நீதானே சொன்னாய்? அதன்படியே செய்தேன். பதினேழின் பழைய வாசகத்தை, அந்த வேலி வரி இல்லாமல், அப்படியே நாற்பத்து மூன்று என்ற எண்ணில் எழுதி நேற்று மதியம் ஓட்டிவிட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் அவருடைய போலி ஆட்கள் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். கருவி 'வெற்றி' என்று ஒரு வார்த்தை போட்டது. இத்தனை மாதத்தில் இந்த ஆபீஸில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

தம்பி


மார்ச் 15

அக்காவுக்கு,

அம்மா பிழைத்தாள். இதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். கல்லை எடுத்துவிட்டார்கள். கஞ்சி குடிக்கிறாள், உப்பில்லை என்று திட்டுகிறாள்.

உன் பிப்ரவரி 28 கடிதம் 13ஆம் தேதி காலை வந்தது. அம்மாவை வார்டில் சேர்த்துவிட்டு, துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது கதவிடுக்கில் கிடந்தது. நான் பிரிக்கவில்லை. வழக்கம்போல உடம்பு விசாரித்திருப்பாய் என்று பைக்குள் திணித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். ஆபரேஷன் மதியம்தானே, ஒரு மணி நேர வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று. ஆபீஸுக்குள் போன் கூடாது என்பது உனக்குத் தெரியும், அது லாக்கரில். அம்மாவின் போனும் என் பையோடு லாக்கரில். திரும்பி வந்து திறந்தால் வரிசையாக உன் மிஸ்டு கால். உனக்கு அடித்தேன், நீ யாருடனோ பேசிக்கொண்டிருந்தாய்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பூட்டு உட்கார்ந்திருந்தார், ஒரு கை இடுப்பில். நர்ஸ் ஊசித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஸ்கிரீன்ல எதுவும் ஆகாதுன்னு போடலையே சார்."

"ஸ்கிரீனை விடுங்க சிஸ்டர். அவங்களையே கேளுங்க."

"எனக்கு அந்த ஊசி ஆகாதும்மா," என்றாள் அம்மா. "காலைல வந்த பொண்ணுகிட்டயும் சொன்னேன். கம்ப்யூட்டர்ல பாத்துக்கிறோம்னுட்டா. நான் சொன்னா யார் கேக்குறா? நான் பெத்ததே கேக்க மாட்டேங்குது."

நர்ஸ் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மருந்தை மாற்றினார்கள். அந்தத் தட்டில் இருந்தது பென்சிலின்தான், அக்கா. நான் சீட்டை வாங்கிப் பார்த்தேன்.

அம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். இரண்டு தடவை படித்தேன். பக்கத்தில் அவர். அட்டைக் கட்டை என் மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்ன அதே முகம்.

"உங்களுக்கு யார் சொன்னா?"

"உங்க அக்கா. உன் கடுதாசி இன்னிக்குக் காலைலதான் அவளுக்குக் கிடைச்சிருக்கு. உன்னைப் பிடிக்க முடியலன்னு உடனே எனக்கு அடிச்சா."

"வேற என்ன சொன்னா?"

"உன்னைத் திட்டக்கூடாதுன்னு சொன்னா. அதான் பேசாம உக்காந்திருக்கேன்."

திட்டியிருந்தால் தேவலை.

தம்பி


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

அம்மாவுக்குத் தையல் பிரித்தாயிற்று. நடமாடுகிறாள். நீங்கள் மூவரும் நலமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் அடித்தாலும் குட்டியைப் பேச வைத்துவிட்டு நழுவுகிறாய்.

நடந்ததைச் சொல்கிறேன். பேக்கப்பை, அதாவது எடுத்துவைத்த பழைய நகலை, திரும்பப் போடலாமா என்று பார்த்தோம். அதற்குள் ஆஸ்பத்திரிகள் புதிதாகப் பதிந்த அத்தனையும் போய்விடும், முடியாது. இந்தக் கருவிக்கு முன்னோக்கிப் போகத்தான் தெரியும், பின்னோக்கி வரத் தெரியாது. பூட்டைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது சாப்பாட்டு வேளையில் ஜன்னலோரத்தில் இரண்டு நாற்காலி. அவர் அட்டையைப் படிக்கிறார், நான் வட்டத்தைப் பிரிக்கிறேன். வருடக்கணக்கில் அவர் பிரித்ததை நான் ஒரு கமாண்டில் ஒட்டினேன். என்னை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அடுத்தது" என்பார். அவ்வளவுதான்.

மேலாளர், சத்தம் போடாமல் சரிசெய்துவிடலாம் என்றார். நான் கேட்கவில்லை. ஜனவரி ஒன்று என்று இருக்கும் யாருக்கும் ஸ்கிரீனை நம்பாதீர்கள், வாயால் கேளுங்கள் என்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். காரணம், என் பெயரில் ஓடிய நாற்பத்து மூன்று என்றும் எழுதினேன். வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

இப்போது ஆஸ்பத்திரிகள் ஒன்று கேட்கின்றன. இந்தத் தவறு எந்த நாளிலிருந்து? அந்த நாள் முதல் ஊசி போட்டவர்களை எல்லாம் அவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டுமாம்.

"நாப்பத்து மூணுலேர்ந்துன்னு எழுதிட்டுப் போ," என்கிறார் பூட்டு. "அது உண்மைதானே?"

"பாதி உண்மை சார்."

"பாதி போதும். மீதியை நான் சுமந்துக்கிறேன்."

அவர் எதற்குச் சுமக்க வேண்டும்? உட்கார்ந்து முழுவதையும் நாள்வாரியாகப் பார்த்தேன். பதினேழு ஓடியது நீ வேலையை விட்ட வாரத்தில். அந்த வாரம் அவர் படுத்த படுக்கை என்று நீயே எழுதியிருக்கிறாய். சாவி அவருடையது, கை அவருடையது இல்லை. மறுநாளே அந்த வேலி வரி சேர்ந்திருக்கிறது. அன்றைக்கே ஒரே ஒரு வட்டத்தை யாரோ பிரித்திருக்கிறார்கள். அது அம்மாவுடையது. அடுத்த வட்டத்தைப் பிரித்தது இரண்டு மாதம் கழித்து. அது பூட்டு. அப்போதுதான் நீ அவரிடம் சொல்லியிருப்பாய்.

நடுவில் இரண்டு மாதம், அக்கா. மற்ற அம்மாக்கள்?

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் எந்த எண்ணை எழுதுவது, பதினேழா நாற்பத்து மூன்றா என்று நீ சொல்லு. இந்த மாதக் கடைசிவரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். உன் கடிதம் வராவிட்டால் நானே முடிவு பண்ணுவேன். என் முடிவு என்னவாக இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். குட்டி சுகம்.

பதினேழிலிருந்து என்று எழுது. யார் என்று கேட்டால் என் பெயரைக் கொடு. அவர் படுக்கையில் இருந்தபடி நம்பிக் கொடுத்த சாவி அது என்றும் சேர்த்து எழுது.

நடுவில் இரண்டு மாதம் என்ன என்று கேட்டிருந்தாய். குட்டி வயிற்றில் இருந்தாள் என்று ஒரு தாளில் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். இன்னொரு தாளில் வேறொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். மூன்றாவது தாள் இது.

அடுத்த மாதம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். ஜன்னலோரத்தில் மூன்றாவது நாற்காலிக்கு இடம் இருக்குமா என்று அவரைக் கேள். இல்லை என்று சொன்னால் அதையும் மறைக்காமல் எழுது.

நேற்று அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைரேகை என்றால் என்ன என்று கேட்டார். இனிமேல் உன் கடிதத்தில் அவருக்கும் விளக்கம் எழுது.

அம்மாவுக்கு உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? நீயாக எழுதாதே. அவளைக் கேட்டு எழுது.

அக்கா